எக்சோசோம் ஊசிக்காக வயலை விற்கச் சொல்கிறார்கள் – தங்கச்சிக்குக் குரோன் நோய்

பெரியகல்லாறு தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். தங்கச்சிக்கு 26 வயது. நாலு வருடமாகக் குரோன் நோய், குடலில் அழற்சி வந்து புண்ணாகிற நாள்பட்ட நோய். தொடக்கத்தில் வயிற்றோட்டம், காய்ச்சல், மெலிவு என்று வந்தபோது குடலில் காசநோயோ என்று சந்தேகப்பட்டார்கள். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்குமாம். கமரா விட்டு, சதைத்துண்டு எடுத்து, இன்னும் பல பரிசோதனைகள் செய்த பிறகுதான் குரோன் என்று முடிவானது. அழற்சியை அடக்கும் பிரெட்னிசொலோன் குடித்து முகம் வீங்கிப் போனாள். பிறகு நோய் எதிர்ப்பை அடக்கும் அசதயோபிரின் மாத்திரை. கொஞ்சக் காலம் நல்லாயிருந்தாள், முன்பள்ளியில் படிப்பிக்கவும் போனாள். போன வருடம் ஆசனவாய்ப் பக்கம் பௌத்திரம் வந்துவிட்டது, குடலில் இருந்து தோலுக்கு ஒரு துளை வழி விழுந்திருக்கிறது. சீழ் கட்டாமல் வடிய நூல் கோர்த்து விட்டிருக்கிறார்கள். அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல் அவளால் கதிரையில் இருக்க முடியவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற மாமா வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். எக்சோசோம் என்று ஒன்றைச் சேலைன் மாதிரி நரம்பில் ஏற்றுகிறார்கள், குடல் புண் அடியோடு மாறுகிறது என்று அதில் சொல்கிறார்கள். மூன்று தடவை ஏற்ற, போக்குவரத்து தங்குமிடம் எல்லாம் சேர்த்து 40 இலட்சம் வருகிறது. எங்களிடம் இருப்பது வெல்லாவெளிப் பக்கம் வயல் மட்டும். தங்கச்சிக்குச் சீதனமாக எழுதவென்று வைத்திருந்த காணி. "பிள்ளை சுகமானால் காணி பிறகும் வாங்கலாம்" என்கிறார் அம்மா. மாரி வெள்ளாமை வெட்டி முடிந்ததும் விற்பதாகப் பேச்சு.

எக்சோசோம் என்றால் என்ன? உண்மையில் இந்த நோய்க்கு வேலை செய்யுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உயிரியல் சேர், களுவாஞ்சிகுடி:

தம்பி, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எங்கள் உடம்பின் கலங்கள், அதாவது செல்கள், ஒன்றோடொன்று பேசுகின்றன. ஓமோன் மூலமாகவும் நரம்பு மூலமாகவும் பேசுவதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். பாடப்புத்தகத்தில் அதிகம் இல்லாத இன்னொரு வழி, கலம் தன்னுள் இருக்கும் பொருட்களைச் சின்னஞ்சிறு பையில் கட்டி வெளியே விடுவது. கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டரிடம் பார்சல் கொடுத்து விடுகிறோமே, அதைப் போல. அந்தப் பையின் பெயர்தான் எக்சோசோம். 30 முதல் 150 நனோமீற்றர் வரை இருக்கும். இரத்தத்தில் இருக்கும் ஒரு செங்குழியத்தின் குறுக்கே 100 நனோமீற்றர் பைகள் எழுபதை வரிசையாக வைக்கலாம். சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது, இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.

1983இல் இதைக் கண்டவர்கள் இரண்டு குழுவினர். ஒன்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜோன்ஸ்ரனின் குழு. அவர்கள் பார்த்தது செம்மறியாட்டின் முதிராத செங்குழியங்களை. மற்றது அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரக் குழு, அவர்கள் எலியில் பார்த்தார்கள். செங்குழியம் முதிரும்போது இரும்பை உள்ளே எடுக்க உதவிய, தனக்கு இனித் தேவையில்லாத வாங்கிப் புரதங்களை இப்படிப் பைகளில் கட்டி வெளியே தள்ளுகிறது என்று கண்டார்கள். அதனால் பல காலம் இது கலத்தின் குப்பைப் பை என்றே நினைத்திருந்தார்கள். 1996இல் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களின் எக்சோசோம்கள் வேறு கலங்களைத் தூண்டக் கூடியவை என்று தெரிந்தது. 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் அந்தப் பைக்குள் ஆர்.என்.ஏ இருப்பதையும், வாங்கும் கலம் அதைப் பயன்படுத்துவதையும் காட்டினார்கள். குப்பை என்று நினைத்தது கடிதம் என்று ஆனது. நான் படிப்பித்த காலத்திலேயே இது தெரிந்திருந்தால் எவ்வளவு ஆசையோடு பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

வாகரை மகள்:

சேர் அழகாகச் சொல்லிவிட்டார். நான் பல்கலைக்கழகத்தில் நிர்ப்பீடனவியல் படிக்கிறேன், ஆய்வுக்கட்டுரை எழுதுவதற்காக இதைப் பற்றி நிறைய வாசித்தேன். அண்ணன், எக்சோசோம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் இல்லை. எந்தக் கலம் அனுப்பியது, எந்த நிலைமையில் அனுப்பியது என்றுதான் கேட்க வேண்டும்.

சுகமான குடலின் உட்சுவரை மூடியிருக்கும் மேலணிக் கலங்கள் விடும் எக்சோசோம்களில் டி.ஜி.எப் பீற்றா என்ற புரதம் இருக்கிறது. அது நிர்ப்பீடனக் கலங்களை அமைதிப்படுத்தும். குடலில் கோடிக்கணக்கான பக்ரீரியா இருந்தும் நாங்கள் தினமும் சோறு தின்று சும்மா இருக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். குடலில் காயம் பட்டால் அனெக்சின் ஏ1 என்ற புரதத்தைச் சுமந்த பைகள் வெளிவந்து காயம் ஆற உதவுகின்றன. இது நல்ல பக்கம்.

நோய் மூண்டிருக்கும் குடலில் கதை மாறிவிடும். நோயாளிகளின் குடல் திரவத்தில் எடுத்த பைகளில் அழற்சியைத் தூண்டும் பொருட்கள் கூடுதலாக இருந்தன. அந்தப் பைகளை ஆய்வுகூடத்தில் சாதாரண குடற்கலங்கள் மேல் விட்டபோது, அவையும் இன்டர்லூக்கின் 8 என்ற பொருளைச் சுரக்கத் தொடங்கின. வெண்குழியங்களைச் சண்டைக்குக் கூப்பிடும் பொருள் அது. அதாவது புண் இருக்கும் இடத்துக் கலம், பக்கத்தில் புண் இல்லாத கலத்துக்கும் "வா சண்டைக்கு" என்று செய்தி அனுப்புகிறது. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. தங்கச்சிக்கு நோய் ஏன் அடங்குவதும் மூளுவதுமாக இருக்கிறது என்பதற்கு இதில் ஒரு துண்டு விளக்கமாவது இருக்கிறது.

உங்கள் வீடியோவில் சொல்வது மூன்றாவது வகை. எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி, நச்சுக்கொடி போன்றவற்றில் எடுக்கும், வேறு கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, அவை விடும் எக்சோசோம்களைச் சேகரிப்பார்கள். எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது குடல் அழற்சி குறைந்தது உண்மை. மக்ரோபேஜ் என்ற நிர்ப்பீடனக் கலங்கள் சண்டையை விட்டு ஆற்றும் வேலைக்கு மாறின, அழற்சியைத் தூண்டும் டி.என்.எப் குறைந்தது, அதை அடக்கும் இன்டர்லூக்கின் 10 கூடியது. பல நாட்டு ஆய்வுகூடங்கள் இதைக் கண்டிருக்கின்றன. ஆனால் எலியில்.

அக்கரைப்பற்று மச்சான்:

எலி எலி என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நோயாளி எத்தனை வருடம் காத்திருப்பது? என் மச்சினனும் இதே நோயோடுதான் இருக்கிறான். அவன் கலியாண வீட்டுக்குப் போனால் முதலில் பார்ப்பது மலசலகூடம் எங்கே என்றுதான். எல்லா மருந்தும் ஒரு காலத்தில் எலியில் மட்டும் இருந்ததுதானே? ஈரானில் மனிதருக்கே கொடுத்திருக்கிறார்களாம். காணியைவிட உயிர் பெரிது. நான் அம்மாவின் பக்கம்.

வாகரை மகள்:

நானா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஈரானில் நடந்தவை சின்ன முதற்கட்டச் சோதனைகள். பாதுகாப்பு எப்படி என்று பார்க்கத்தான் முக்கியமாகச் செய்தார்கள். பௌத்திரம் உள்ள சிலருக்கு அந்த வழியிலேயே நேரடியாக ஊசி போட்டார்கள், கையில் சேலைன் மாதிரி ஏற்றவில்லை. சிலருக்கு வடிதல் குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்ட இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

ஏன் ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதே நோயில் ஓர் உதாரணம் இருக்கிறது. குரோன் நோயாளிகளின் பௌத்திரத்துக்கு டார்வாட்ஸ்ட்ரோசெல் என்று ஒரு மருந்து வந்தது. கொழுப்பில் எடுத்த ஸ்டெம் செல்கள், எக்சோசோமை அனுப்பும் முழுக் கலமே அதுதான். முதல் பெரிய சோதனையில் நல்ல பலன் தெரிந்ததால் 2018இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. அடுத்து இன்னும் பெரிய சோதனை செய்தார்கள். 2023இல் முடிவு வந்தபோது மருந்தில்லாத ஊசியைவிடச் சிறப்பாக அது வேலை செய்யவில்லை. 2024இல் ஐரோப்பியச் சந்தையை விட்டே எடுத்துவிட்டார்கள். ஒழுங்கான சோதனைகளைத் தாண்டி அனுமதி வாங்கிய மருந்துக்கே அந்த நிலைமை. அனுமதியே இல்லாத ஒன்றுக்கு வயலை எழுதிக் கொடுக்கச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எலிச் சோதனை பற்றியும் ஒன்று. குடிதண்ணீரில் டி.எஸ்.எஸ் என்ற இரசாயனத்தைக் கலந்து கொடுத்துத்தான் எலியின் குடலைப் புண்ணாக்குகிறார்கள். தண்ணீரை மாற்றினால் அந்தப் புண் தானாகவே ஆறத் தொடங்கும். மனிதருக்கு வருடக்கணக்கில் இருக்கும் குரோன் நோய் அப்படியானதல்ல.

ஆய்வுகூடம், கல்முனை:

இரவு வேலை முடித்து வந்து வாசித்தேன். நான் வைத்திய ஆய்வுகூடத்தில் 19 வருடமாக வேலை செய்கிறவன். என் கவலை அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான்.

எக்சோசோமைப் பிரித்தெடுப்பது கடினமான வேலை. நாங்கள் இரத்தம் சுற்றும் மையநீக்கி இதற்கு உதவாது. புவியீர்ப்பைப் போல ஓர் இலட்சம் மடங்கு விசையில் சுற்றும் இயந்திரம் வேண்டும். அப்படிச் சுற்றினாலும் எக்சோசோம் மட்டும் வராது, அதே அளவான வேறு பைகளும் புரதத் துணுக்குகளும் சேர்ந்து வரும். ஆகவே அளவு பார்க்க வேண்டும், சிடி9, சிடி63, சிடி81 போன்ற அடையாளப் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், கலக்கக் கூடாதவை கலந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இதற்கென்றே சர்வதேச ஆய்வாளர் சங்கம் 2014, 2018, 2023 என்று மூன்று தடவை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஒரே ஆய்வுகூடத்தில் இரண்டு தடவை செய்தால்கூட ஒரே மாதிரி வருவது கஷ்டம். பிறகு அதை மறை 80 பாகை (மைனஸ் 80 டிகிரி செல்சியஸ்) குளிரில் வைத்திருப்பது வழக்கம். தம்பி, அந்த இடத்தில் தொகுதி இலக்கத்தோடு பரிசோதனை அறிக்கை தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். கிருமி இல்லை என்ற அறிக்கையையும் கேளுங்கள்.

இன்னொன்று. நரம்பில் ஏற்றினால் அது குடலுக்குப் போகும் என்று யார் சொன்னது? விலங்குகளில் பார்த்தபோது பெரும்பகுதி கொஞ்ச நேரத்திலேயே ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு பொது எச்சரிக்கை விட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்சோசோம் என்று சொல்லி விற்கப்பட்ட தயாரிப்பை ஏற்றிக்கொண்ட நோயாளிகளுக்குப் பாரதூரமான பாதிப்பு வந்ததால்தான் அந்த எச்சரிக்கை. எந்த எக்சோசோம் தயாரிப்புக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அதிலேயே சொன்னார்கள்.

காத்தான்குடி தாத்தா:

தாத்தா என்று எங்கள் ஊரில் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை. பெருங்குடல் அழற்சியோடு 11 வருடம் வாழ்கிறவள். தம்பி, ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த இடத்தில் தங்கச்சியின் மருந்தை நிப்பாட்டச் சொன்னார்களா?

பெரியகல்லாறு தம்பி:

ஓம் தாத்தா. முதல் ஊசிக்கு ஒரு மாதம் முன்பே அசதயோபிரினை விடச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து இருந்தால் எக்சோசோம் வேலை செய்யாதாம். அவள் விட்டு இன்றோடு ஒன்பது நாள்.

காத்தான்குடி தாத்தா:

யா அல்லாஹ். தம்பி, நாளைக்கு விடியவே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திகதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விஷயத்தைச் சொன்னால் பார்ப்பார்கள். ஒன்பது நாள் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், நானும் அதைச் செய்தவள். ஆறாவது வருடம் எனக்கு நல்ல சுகம், இரத்தம் போவதே இல்லை. ஒருவர் ஒரு சூரணம் தந்து, இங்கிலீஷ் மருந்தை விட்டால்தான் இது பிடிக்கும் என்றார். நான் குடித்து வந்த மெசலசினை நிப்பாட்டினேன். முதல் மாதம் ஒன்றும் இல்லை, சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் மாதம் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, எல்லாம் இரத்தம். நோன்பு காலத்தில் வார்ட்டில் கிடந்தேன். என் உம்மா கட்டில் பக்கத்திலே பாயைப் போட்டுக்கொண்டு பத்து நாள் இருந்தா. குடலையே எடுக்க வேண்டி வரும் என்று பேசினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், மருந்துக்கு அடங்கியது.

சுகமாக இருப்பது மருந்து வேலை செய்வதால். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆய்வுகூடம், கல்முனை:

தாத்தா சொன்னதைத் தள்ளிப் போடாதீர்கள் தம்பி. நானும் ஒரு கேள்வி. வலிக்கு என்ன மாத்திரை குடிக்கிறா? டைக்குளோபினாக், ஐபுப்ரோபென் போன்றவற்றைப் பாமசியில் டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கிக் குடித்தால் இந்த நோய் மூளக் கூடும். பரசிற்றமோல்தான் பாதுகாப்பானது. அதையும் டொக்டரிடம் கேட்டே கொடுங்கள்.

செங்கலடி வாசகர்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இஞ்சியில் இருந்தும் எக்சோசோம் எடுக்கிறார்கள் என்று ஒரு பதிவு பார்த்தேன். எங்கள் ஊர் எருமைத் தயிரும் நல்லது என்கிறார்கள். அப்படியானால் இஞ்சி போட்ட பிளேன்ரியும் தயிரும் போதுமா?

வாகரை மகள்:

இஞ்சி விஷயம் உண்மைதான். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் இஞ்சிச் சாற்றில் இருந்து எக்சோசோம் மாதிரியான துணிக்கைகளைப் பிரித்து எலிகளுக்குக் கொடுத்து, அழற்சி குறைந்ததை 2016இல் எழுதினார்கள். ஆனால் அது சாற்றைப் பல தடவை சுற்றி, செறிவாக எடுத்த ஒன்று. கேத்திலில் கொதிக்க வைத்த இஞ்சிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பாலிலும் எக்சோசோம் இருக்கிறது, புளிக்க வைத்துத் தயிராக்கும்போது குறைந்து விடுகிறது. எருமைத் தயிர் ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம், சாப்பாடாக. சில நோயாளிகளுக்கு நோய் மூண்டிருக்கும் நேரம் பால் ஒத்துக்கொள்ளாது.

உயிரியல் சேர், களுவாஞ்சிகுடி:

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல ஆசை. எலியின் குடலில் வாழும் ஒரு வகைக் கொக்கிப்புழு விடும் பைகள்கூட எலியின் குடல் அழற்சியைக் குறைத்திருக்கின்றன. புழு தான் உயிரோடு இருப்பதற்காக எங்கள் நிர்ப்பீடனத்தைத் தாலாட்டித் தூங்க வைக்கிறது. எத்தனை இலட்சம் வருடப் பழக்கம்! பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதை இதற்காக யாரும் விட்டுவிடாதீர்கள், அது வேறு கதை.

அக்கரைப்பற்று மச்சான்:

தாத்தாவின் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். மருந்தை நிப்பாட்டச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்படிச் சொன்னால் நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். தம்பி, கொழும்புக்குப் போக வேண்டி வந்தால் சொல்லுங்கள். என் வேன் இருக்கிறது, பின் சீற்றைப் படுக்கிற மாதிரி மாற்றலாம். பிள்ளை எட்டு மணித்தியாலம் இருந்துகொண்டு போக வேண்டியதில்லை.

பெரியகல்லாறு தம்பி:

நேற்று போய் வந்தோம். டொக்டர் ஏசவில்லை. வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு, "ஆராய்ச்சி உண்மை, இந்த விற்பனை வேறு" என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு அசதயோபிரினைத் திரும்பத் தொடங்கச் சொல்லியிருக்கிறார். பௌத்திரம் எத்தனை கிளையாகப் போகிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும். அடுத்து இன்பிளிக்சிமாப் பற்றிப் பேசினார். டி.என்.எப்பைத் தடுக்கும் மருந்து, 1998இல் இருந்தே குரோன் நோய்க்குப் பாவனையில் இருக்கிறதாம், பௌத்திரத்துக்கும் கொடுப்பார்களாம். ஆனால் முன்னே காசநோய், மஞ்சட்காமாலை பி இரண்டும் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும், உள்ளே உறங்கும் காசநோயை அது எழுப்பிவிடக் கூடும் என்றார். எத்தனை எழுதியும் எனக்கு இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. மாமாவும் கோபமாக இருக்கிறார். இப்போது தங்கச்சி எழுத வேண்டும் என்கிறாள், போனைக் கொடுக்கிறேன்.

நான் தங்கச்சி. அண்ணன் போட்டதையும் நீங்கள் எல்லோரும் எழுதியதையும் இரவிரவாக வாசித்தேன். நோய் எனக்கு, காணியும் எனக்கென்று வைத்தது. விற்பதா வேண்டாமா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் விற்க வேண்டாம் என்கிறேன். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அழுதா, பிறகு சோறு போட்டுத் தந்தா.

வாகரை தங்கச்சிக்கு ஒரு கேள்வி. உமிழ்நீரில் எக்சோசோம் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று ஓரிடத்தில் வாசித்தேன். அப்படியென்றால் எனக்கு இனிமேல் கமரா விடாமல் பார்க்க முடியுமா? அதற்கு முதல்நாள் குடிக்கிற மருந்தை நினைத்தாலே எனக்கு வயிறு புரட்டுகிறது.

வாகரை மகள்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். நீங்கள் வாசித்தது சீனாவில் செய்த ஆய்வாக இருக்கும். நோயாளிகளின் உமிழ்நீர் எக்சோசோம்களில் பி.எஸ்.எம்.ஏ.7 என்ற புரதம் கூடுதலாக இருந்ததாகக் கண்டார்கள். கிளினிக்கில் செய்யும் பரிசோதனையாக அது இன்னும் வரவில்லை. எக்சோசோமில் முதலில் எங்கள் கைக்கு வரப்போவது ஊசியைவிட இப்படியான பரிசோதனைதான் என்பது என் எண்ணம். அது வரும் வரை, மலத்தில் கல்புரோட்டெக்டின் பார்ப்பது இருக்கிறது. வெண்குழியங்கள் குடலுக்குள் விடும் புரதம் அது, அழற்சி மூண்டால் கூடும். கமராவை முழுக்க இல்லாமல் செய்யாது, ஆனால் தேவையில்லாத தடவைகளைக் குறைக்கும். அடுத்த கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வுகூடம், கல்முனை:

அது செய்வதாக இருந்தால், மகள், மாதிரியை எடுத்த அன்றே கொண்டுபோய்க் கொடுக்கப் பாருங்கள். ஆய்வுகூடம் தரும் குப்பியிலேயே எடுங்கள், நிரப்பத் தேவையில்லை, கொஞ்சம் போதும். பெயரும் திகதியும் நேரமும் எழுதுங்கள். டைக்குளோபினாக் மாதிரி மாத்திரை எதுவும் கடைசிக் கிழமைகளில் குடித்திருந்தால் அதையும் துண்டில் எழுதிவிடுங்கள், அது அளவைக் கூட்டிக் காட்டும். கல்முனைப் பக்கம் கொண்டு வருவதென்றால் எனக்கு முன்கூட்டியே இங்கே எழுதுங்கள், வரிசையில் நிற்க வேண்டியதில்லை, இருக்க ஓர் இடம் பார்த்து வைக்கிறேன்.